பிடிவாதக்காரி யாருக்கு?

ஜனவரி 11

நாத்தனாருக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. உன் அண்ணன் அவற்றை மாடிவீட்டுக்காரர் வரைக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார். "பாரு, என் தங்கச்சி வேலை பாக்குற எடத்தைப் பாரு, சுவரே கண்ணாடி" என்று என்னிடம் மட்டும் மூன்று தடவை. நானும் பார்த்தேன். பொறாமையாக இருந்தது. நீ எப்படியும் மோப்பம் பிடித்துவிடுவாய் என்பதால் நானே முந்திக்கொள்கிறேன்.

நான் போன் எடுப்பதில்லை என்று அவரிடம் முறையிட்டாயாம். எடுக்க மாட்டேன். போனில் நீ விக்கி விக்கி அழுவாய், நான் கத்துவேன், அவர் நடுவில் நின்று முழிப்பார். கடிதத்தில் என்றால் கோபத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதலாம்.

அந்த வேலைக்கு நாம் இரண்டு பேரும்தான் விண்ணப்பம் போட்டோம். உன்னை மட்டும் கூப்பிட்டார்கள். ஏன் என்று நம் ஆய்வுக்கூடப் பேராசிரியரிடம் கேட்டேன். "கட்டுரையில முதல் பேர் அவளோடது. அவங்க அதைத்தானே பாப்பாங்க?" என்றார். முதல் பெயராக உன்னைப் போட்டது யார் என்று கேட்க வாய்வரை வந்தது. அவர்தான் போட்டார். கட்டுரையில் வந்த சோதனைப் படத்தை எடுத்தவள் நீ என்பதால் போட்டார்.

அந்தப் படத்தில் இருப்பது என்ன, நீயே சொல். செல்களை வளர்த்தது நான். ஒரு நாள் பட்டினி போட்டு, அவற்றின் மரபணு வாயைத் திறக்காமல் அடங்கிய பிறகு, வளர்ச்சிக் காரணியைச் சொட்டு விட்டதும் நான். அதற்குப் பிறகுதான் தட்டு உன் கைக்கு வரும். நீ செல்களை உடைத்து, பிடிவாதக்காரி என்கிற நம் புரதத்தை மட்டும் தூண்டில் போட்டு இழுப்பாய். சொட்டு விடாத தட்டில், அவள் பிடித்து வைத்திருக்கிற இன்னொரு புரதமான சாவிக்காரனும் அவளோடு ஒட்டிக்கொண்டு வருவான். சொட்டு விட்ட தட்டில் அவள் மட்டும் வருவாள். அவன் அவள் கையை உதறிவிட்டு உட்கருவுக்குள் போய் மரபணுவைத் திறந்துகொண்டிருப்பான். ஆளுக்கு ஒன்றாக இரண்டு கறுப்புக் கோடு, அவள் மட்டும் என்றால் ஒரு கறுப்புக் கோடு. அவ்வளவுதான் படம். அதற்கு முன்னால் நடந்தது முழுக்க, ஏதோ நான் செல்களுக்குச் சோறு போட்ட மாதிரி ஆகிவிட்டது.

செல்லின் தோலில் வந்து தொடுகிற செய்தியை உள்ளே கொண்டுபோகிற புரதம் எது என்று எல்லோரும் தேடிக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோக விடாமல் பிடித்து வைத்திருப்பது யார் என்று கேட்டவள் நான். பேருந்து நிறுத்தத்தில் வைத்துக் கேட்டேன். நீ வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாய். பிடிவாதக்காரி என்று பேர் வைத்ததும் நான்தான்.

உடம்பைப் பார்த்துக்கொள். இது பாசத்தில் எழுதியதில்லை, வழக்கத்தில் எழுதியது.

அண்ணி

ஜனவரி 24

அண்ணிக்கு,

நீங்கள் அடித்த வரிகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். 'தளுக்கு' என்ற சொல் நன்றாகவே தெரிகிறது. அடுத்த தடவை இன்னும் அழுத்தி அடியுங்கள்.

படங்களைப் பெருமைக்காக அனுப்பவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகத்தான். இங்கே பெருமைப்பட யாரும் இல்லை. சாயங்காலம் அறைக்குப் போனால் பக்கத்து அறைத் தொலைக்காட்சி பேசுகிறது, அதுதான் எனக்குத் துணை. அண்ணன் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான். முன்பெல்லாம் அவனுக்கு ஒரு தலைவலி என்றாலும் என்னிடம்தான் முதலில் சொல்வான். இப்போது எல்லாம் உங்களிடம் சொல்லி முடித்த மிச்சம்தான் எனக்கு வருகிறது. நீங்கள் ஒன்றைச் சொன்னீர்கள், நானும் ஒன்றைச் சொல்லிவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. இங்கே நம் சோதனை வரமாட்டேன் என்கிறது. சொட்டு விட்டாலும் விடாவிட்டாலும் பிடிவாதக்காரி தனியாகத்தான் வருகிறாள். சொட்டே விடாத தட்டிலும் மரபணு திறந்து கிடக்கிறது. யாரும் கதவைத் தட்டாமலே வீடு திறந்திருந்தால் தட்டியதால் திறந்தது என்று எப்படிச் சொல்வது?

இந்த ஆய்வுக்கூடத்து இயக்குநர் அம்மா அதிகம் பேசமாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்பார். மார்ச் கடைசிக்குள் பழைய முடிவை இங்கே செய்துகாட்ட வேண்டும் என்கிறார். இல்லாவிட்டால் ஒப்பந்தம் தொடராது, ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

செல் வேலை எப்போதும் உங்களுடையது. நான் அதைக் கவனித்ததே இல்லை. எங்கே தப்பு என்று சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 3

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஒரு டீ போட்டுக் குடித்தேன். சர்க்கரை சரியாக இருந்தது. அன்று முழுக்க எல்லாமே சரியாக இருந்தது. "என்ன, இன்னைக்குப் பாட்டெல்லாம் வருது?" என்று உன் அண்ணன் கேட்டார். உனக்குக் கஷ்டம் என்று தெரியாமல் கேட்டார், பாவம்.

தலைவலி விஷயம். அவருக்குத் தலைவலி வந்தால் நான் மாத்திரை கொடுக்கிறேன். நீ 'ஐயோ அண்ணா' என்று கதை கேட்பாய். அதனால்தான் இன்றும் உன் போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறார். மிச்சம் வருவது யாருக்கு என்று நீயே யோசித்துக்கொள்.

இப்போது நான் கேட்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுது. பட்டினி போட்ட தட்டை யார் எடுக்கிறார்கள்? எப்படித் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள்? நான் உனக்கு அண்ணி ஆவதற்கு முன்னால், இரண்டு கையாலும் ஏந்தி அடிமேல் அடி வைத்துப் போகும்போது, "தலையில தண்ணிக்குடம் வெச்ச மாதிரி என்னடி நடை?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தாய். இன்குபேட்டர் கதவை நான் ஓசைப்படாமல் சாத்துவதைக்கூட நடித்துக் காட்டினாய். அதெல்லாம் உனக்கு மறந்திருக்கும்.

வளர்ச்சிக் காரணியை எதில் கலந்து விடுகிறீர்கள்? ஒன்றையும் விடாமல் எழுது.

அண்ணி

பிப்ரவரி 12

அண்ணிக்கு,

இங்கே தட்டை யாரும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. ஒரு இயந்திரம் இருக்கிறது. எல்லாத் தட்டுகளையும் அதற்குள் தள்ளினால், பழைய ஊட்டக் கரைசலை ஒரே இழுப்பில் உறிஞ்சிவிட்டுப் புதுக் கரைசலை ஊற்றும். எல்லாத் தட்டுக்கும் ஒரே வேகம், ஒரே அளவு. பாதித் தட்டுகளுக்கான கரைசலில் வளர்ச்சிக் காரணி கலந்திருக்கும், மீதியில் இருக்காது. அரை மணி நேரம் கழித்து எடுத்துச் செல்களை உடைக்கிறோம். மனிதக் கை படாததால் தப்பே வராது என்று இயக்குநர் சொல்கிறார்.

அண்ணி, இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. கோபப்படாதீர்கள். நேற்று அவர் நம் பழைய படத்தைத் திரையில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, "இந்தத் தட்டுகளைக் கொடுத்தது யார்? அவரை எவ்வளவு நம்பலாம்?" என்று கேட்டார். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இரண்டு தட்டும் எப்போதாவது இடம் மாறியிருக்குமோ? நன்றாக வந்ததை மட்டும் எனக்குக் கொடுத்து, வராததை ஒதுக்கி வைத்தீர்களா? இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். நான் அதை அப்படியே அவரிடம் சொல்லிவிடுவேன்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

இல்லை. நீ கேட்ட ஒரு வரி.

கோபம் இல்லை. புது இடம், பெரிய மனிதர்கள், அவர்கள் கேட்டால் நீயும் கேட்கத்தானே வேண்டும்? நான் யோசித்துப் பார்த்தேன். இயந்திரமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் செல்கள்தான் பழசாகியிருக்கும் என்று தோன்றுகிறது. வயதான செல்கள் அடங்குவதில்லை. உறைய வைத்திருப்பதிலிருந்து புதிதாக எடுத்து, பொறுமையாக முதலிலிருந்து வளர்த்துப் பார். கொஞ்ச நாள் பிடிக்கும், பரவாயில்லை.

இங்கே எல்லோரும் நலம். எனக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை மும்முரம். பேராசிரியர் வெளியூர் போயிருக்கிறார், கேட்க ஆளில்லாமல் நினைத்ததைச் செய்துபார்க்க முடிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 18

'அன்புள்ள' என்றும் 'அன்புடன்' என்றும் நீ எழுதியதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உனக்கும் அண்ணனுக்கும் கல்யாணப் பேச்சு வருவதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, நீ எனக்கு அப்படி எழுதியதே இல்லை.

உன் பேச்சைக் கேட்டுப் புதுச் செல்களை எடுத்தேன். உருக்கி, ஒட்ட வைத்து, பெருக்கி, மறுபடி பட்டினி போட்டு, மார்ச் பாதி போய்விட்டது. பழைய கதைதான். பழைய முடிவு இங்கே வரவில்லை என்று ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போடு என்று இயக்குநர் தாளை நீட்டினார். போட்டிருந்தால் என் தலை தப்பியிருக்கும், உன் பெயர் கெட்டிருக்கும். நான் போடவில்லை. "தப்பு என் கையில்தான். என் அண்ணி கொடுத்த தட்டில் தப்பு இருக்காது" என்று சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார். வேறு இடம் தேடிக்கொள்வது நல்லது என்று அதற்கு அர்த்தம்.

அன்றைக்குத்தான் அண்ணன் கூப்பிட்டான். நான் அழுவது தெரியாமல் அவன்பாட்டுக்குப் பேசுகிறான். "உங்கண்ணி ஒரே குஷியா இருக்காடி. என்னமோ மருந்தே வேண்டாமாம், தட்டைச் சும்மா ரெண்டு ஆட்டு ஆட்டினாலே அந்த ஜீன் தெறந்துக்குதாம். தண்ணியை மாத்தினாக்கூடப் போதுமாம். பிப்ரவரியிலயே கண்டுபிடிச்சிட்டா. உங்கிட்ட சொல்லலையா?"

சொல்லவில்லையே, அண்ணா.

நீ நடந்த நடையும், ஓசைப்படாமல் சாத்திய கதவும், பழைய கரைசலை மாற்றாமல் ஓரமாக விட்ட ஒரு சொட்டும் எதற்காக என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. இயந்திரம் உறிஞ்சி ஊற்றுகிற வேகத்திலேயே என் செல்கள் திடுக்கிட்டு எழுந்துவிடுகின்றன. சாவிக்காரன் அப்போதே கையை உதறிவிட்டுப் போய்விடுகிறான். நான் எதைத் தூண்டில் போட்டு என்ன பிரயோஜனம்? நான் இயந்திரத்தைப் பற்றி எழுதியதும் உனக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும், செல் பழசு என்று எழுதினாய்.

நீ கல்நெஞ்சக்காரி. அண்ணி என்று கூப்பிட வாய் வரவில்லை.

மார்ச் 25

நாத்தனாருக்கு,

ஆமாம், தெரியும்.

நீ இயந்திரத்தைப் பற்றி எழுதிய கடிதம் வந்த அன்றே இரண்டு தட்டுகளை எடுத்து, ஒன்றை மட்டும் கையால் ஆட்டிவிட்டுப் பார்த்தேன். வளர்ச்சிக் காரணியின் வாசனைகூட அதில் இல்லை. மரபணு திறந்திருந்தது. பேராசிரியர் இல்லாததால் உன் பங்கு வேலையையும் நானே செய்தேன். என் கை உன் கை அளவுக்கு வராது, கோடு கொஞ்சம் கலங்கலாக வந்தது. ஆனால் பிடிவாதக்காரி தனியாகத்தான் வந்தாள். தட்டை அசையாமல் விட்டு வைத்தால் இரண்டு மணி நேரத்தில் சாவிக்காரனை மறுபடி பிடித்துக்கொள்கிறாள். வளர்ச்சிக் காரணிக்கு மட்டும்தான் அவள் பிடி தளரும் என்று நாம் எழுதினோம் இல்லையா, அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது. உன்னிடம் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை. அதை உனக்கு ஒரு தபால்தலை ஒட்டி அனுப்பிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

நல்லவளா கெட்டவளா என்று ஆளை விசாரிப்பது மாதிரி என் தட்டுகளைப் பற்றிக் கேட்டாய். அதில் எனக்கு எரிந்தது உண்மை. ஆனால் அதுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். நீ கேட்காமல் இருந்திருந்தாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். நீ தோற்றுத் திரும்பி வந்து, பழையபடி என் பக்கத்து மேசையில் உட்கார வேண்டும் என்று நினைத்தேன். உனக்குக் கண்ணாடிச் சுவர் இருக்கக் கூடாது.

நான் போனை எடுத்திருந்தால் என் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாய். பிப்ரவரிக்குப் பிறகு எடுக்காததற்கு அதுதான் காரணம்.

நீ எனக்காகப் பேசியதை உன் அண்ணனிடம் சொல்லவில்லை. நான் உன்னிடம் மறைத்தது தெரிந்து, ஏற்கெனவே மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. தட்டை எடுத்துப் போட்டுத் தானே சாப்பிட்டுக்கொண்டு, கழுவியும் வைத்துவிடுகிறார். இதுவும் தெரிந்தால் வீட்டில் நிம்மதியாக மூச்சுவிட முடியாது.

தனியாகக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிட்டேன். இதையும் மறைக்கவில்லை.

ஏப்ரல் 14

அண்ணிக்கு,

ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள். அண்ணன் வாயிலிருந்து விழுந்ததை வைத்துக்கொண்டு மார்ச் கடைசி வாரத்தில் செய்தேன். இயந்திரம் கரைசலை மாற்றட்டும், அதற்குப் பிறகு தட்டுகளை இன்குபேட்டரிலேயே இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் தொடாமல் விட்டேன். பிறகு ஓரமாக ஒரு சொட்டு. சொட்டு விடாத தட்டில் இரண்டு கோடு, விட்டதில் ஒன்று. நம் பழைய படத்தை அப்படியே பார்த்த மாதிரி இருந்தது. தட்டை எடுத்து வரும்போது நானும் உங்கள் நடைதான் நடந்தேன். இங்கே இருக்கிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அசைத்தாலே பிடி தளரும் என்பது யார் கண்டுபிடித்தது என்று இயக்குநர் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். இரண்டு பாதியையும் சேர்த்து ஒரே கட்டுரையாகப் போடலாம் என்கிறார். எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். முதல் பெயர் உங்களுடையது. என்னுடையது இரண்டாவது. நீங்கள் கையால் ஆட்டிப் பார்த்த படங்களை அனுப்பி, கையெழுத்துப் போட வேண்டும்.

பாசத்தில் செய்தேன் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்னும் எனக்கு ஆறவில்லை. புதுச் செல்களை வளர்த்துக்கொண்டு நான் கழித்த ஒவ்வொரு நாளும் நினைவிருக்கிறது. நீங்கள் தனியாகப் போட்டிருந்தால் அது உங்கள் சாமர்த்தியம். நான் முந்தியிருந்தால், 'திருடிவிட்டாள்' என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அண்ணனும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான், ஒரு நாள் நம்பியும் விடுவான். அந்த ஒரு குறையை உங்கள் கையிலிருந்து பிடுங்கிவிட வேண்டும் என்றுதான் முதல் இடத்தைக் கொடுக்கிறேன். இனிமேல் என்ன சொல்லிப் பொறாமைப்படுவீர்கள் என்று பார்க்கிறேன்.

அண்ணனோடு பேச்சு வந்துவிட்டதா? அவன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுகிறான் என்றால் கோபம் பெரியதுதான். நான் சொன்னதாக அவனிடம் சொல்லுங்கள்: கட்டுரை விஷயம் முடிந்துவிட்டது.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 23

நாத்தனாருக்கு,

உறையைப் பிரித்தது உன் அண்ணன். முதல் பக்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "உம் பேரைத்தான் போட்டிருக்கா" என்றார். பேச்சு வந்துவிட்டது. ஆனால் அந்தக் குரலில் இருந்த பெருமை என்னைவிட உன்னைப் பற்றித்தான் அதிகம்.

என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் எதற்காக வயிறு எரிந்ததோ அது கண்ணெதிரே அச்சாக இருக்கிறது. சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உன் இடத்தில் நான் இருந்தால் இந்த இடத்தைக் கொடுத்திருக்கவே மாட்டேன். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும், இப்போது அவருக்கும் தெரிந்துவிட்டது. பெயரைக் கொடுத்துப் பொறாமையைப் பிடுங்கிவிடலாம் என்று நினைத்தாய். கொடுக்க முடிந்ததே உன்னால், அதற்கு என்ன செய்வது? உன் கண்ணாடிச் சுவரைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு எரியவில்லை.

நல்லவளாக இருந்தால், இரண்டாவது இடமே எனக்குப் போதும் என்று எழுதியிருப்பேன். எழுதியும் பார்த்தேன். நன்றாகவே வந்திருந்தது. "இதுதாம்மா சரி, அனுப்பிடு" என்றார் உன் அண்ணன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் அந்தத் தாளை வாங்கிக் கிழித்துப் போட்டேன். அவர் எழுந்து போய்விட்டார்.

நீ கேட்ட படங்கள் உள்ளே இருக்கின்றன. கலங்கலான கோட்டைத் திருத்தவில்லை, இருப்பதை இருக்கிறபடியே வைத்திருக்கிறேன்.

கையெழுத்தும் போட்டுவிட்டேன். முதல் இடத்தில்தான்.

அண்ணி